விளக்குக்கு எந்த எண்ணெய்

“அக்கா, நீங்கதான் எண்ணெய்க் கம்பெனியில இருக்கீங்களே, விளக்குக்கு எந்த எண்ணெய் ஊத்தினா நல்லது?”

கார்த்திகை பிறந்துவிட்டால் சிவகாசிக்குப் பக்கத்து விஸ்வநத்தத்தில் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் பட்டாசு ஆபீஸுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, போய்வரும் பெண்கள். சனிக்கு நல்லெண்ணெய், லட்சுமிக்கு நெய், சிவனுக்கு இலுப்பெண்ணெய், கடன் தீர இன்னொன்று, எல்லாவற்றுக்குமாக ஐந்தெண்ணெய்க் கலவை என்று தொலைக்காட்சி சொன்ன பட்டியல் அவர்கள் கையில் ஏற்கனவே இருக்கும். நான் விருதுநகரில் ஓர் எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். தினமும் ஆமத்தூர் வழி பஸ்ஸில் போய்வருகிறேன். அந்தப் பட்டியலுக்கு வேதியியல் பக்கமிருந்து ஒரு கையெழுத்து கிடைத்தால் தேவலை என்பதுதான் அவர்களுடைய எதிர்பார்ப்பு.

பலசரக்குக் கடையில் இரண்டு புட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று சமையல் நல்லெண்ணெய். மற்றது சாமி படம் ஒட்டிய தீப எண்ணெய், விலையும் குறைவு. அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், விளக்கேற்ற மட்டும், உணவுக்கு அல்ல என்று போட்டிருக்கும். உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்பதைப் பல புட்டிகள் சொல்வதே இல்லை. மனிதர் வாயில் வைக்கக்கூடாததைச் சாமிக்கு ஊற்றலாமா? எப்படியும் எரிந்து காற்றாகப் போகிற பொருளுக்குத் தரம் என்று ஒன்று உண்டா? படைப்பது என்றால் என்ன, எதைக் கொடுத்தால் அது கொடுத்ததாகும் என்று நெடுங்காலமாக மனிதர் கேட்டுவரும் கேள்வியே இப்படிக் கடை அலமாரியில் வந்து நிற்கிறது. அதனால் நான் இதை ஒதுக்கிவிட்டுப் போவதில்லை.

எண்ணெய் கெடுவதும் விளக்கு எரிவதும் அடிப்படையில் ஒரே வேலை. இரண்டிலும் ஆக்சிஜன் வந்து எண்ணெயோடு சேர்கிறது. அகலில் அது நொடியில் நடந்து வெளிச்சம் தருகிறது. டின்னுக்குள் மாதக்கணக்கில் நடந்து சிக்கு வாடை தருகிறது.

பரிசோதனைக் கூடத்தில் பெராக்சைடு மதிப்பு பார்ப்பது என் அன்றாட வேலை. எண்ணெயை எடைபோட்டு, அசெட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் கலந்த கரைப்பானில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு விட வேண்டும். எண்ணெய்க்குள் எவ்வளவு பெராக்சைடு உருவாகியிருக்கிறதோ அதற்கேற்ற அயோடின் வெளியே வரும். ஸ்டார்ச் கரைசல் விட்டால் கருநீலம் ஏறும். தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அந்த நீலம் மறையும் இடத்தில் அளவை வாசிக்க வேண்டும். கிலோவுக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் வரை சுத்திகரித்த எண்ணெய்க்கு அனுமதி, செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு 15 வரை என்கிறது கோடெக்ஸ் உணவுத் தர விதி. பெராக்சைடுக்கு வாடை கிடையாது. அது உடைந்து ஆல்டிஹைடுகளாக மாறும்போதுதான் மூக்குக்குத் தெரியும். ஆகவே வீட்டில் நாம் எண்ணெய் காறிப்போச்சு என்று சொல்லும் நாளில் கெடுதல் தொடங்கி வெகுதூரம் வந்திருக்கும்.

கெடுதல் எப்படிப் பரவுகிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். வெளிச்சமோ சூடோ உலோகத் துகளோ பட்டு எண்ணெயின் ஒரு மூலக்கூறு தன் ஹைட்ரஜனை இழந்து நிலைதடுமாறும். ஆக்சிஜன் அதன்மேல் ஏறிக்கொள்ளும். அது அடுத்த மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிடுங்கும், அது அதற்கடுத்ததை. சரவெடியில் ஒன்று அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டே போவதைப் போல. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று நாங்கள் சொல்லும் பொருள் இந்த வரிசையின் நடுவே வந்து நிற்கும். தன் ஹைட்ரஜனைத் தானே எடுத்துக் கொடுக்கும். கொடுத்தபின் அதுவும் நிலைகுலைந்ததுதான், ஆனால் அடுத்ததைப் பிடுங்கும் அளவுக்கு அதற்கு வேகம் இருக்காது. அதோடு அந்தச் சங்கிலி நிற்கும். கொடுத்த மூலக்கூறு தீர்ந்துபோகும்.

நல்லெண்ணெயில் இது நடப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. அதில் லினோலிக் அமிலம் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் இருக்கும். எளிதில் ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும் ஜாதி அது. கணக்குப்படி நல்லெண்ணெய் சீக்கிரம் கெட வேண்டும். கெடுவதில்லை. எள்ளுக்குள் செசமின், செசமோலின் என்று இரண்டு பொருள்கள், கூடவே காமா டோகோபெரால். எள்ளை வறுக்கும்போதும் எண்ணெயைச் சூடாக்கும்போதும் செசமோலின் உடைந்து செசமோல் ஆகிறது. முன்னால் போய் நின்று ஹைட்ரஜனைக் கொடுப்பது இந்தச் செசமோல். போடுவான் (Baudouin) என்ற பெயருள்ள சோதனையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால் செக்கச்செவேலென்று நிறம் வருவதும் அதனால்தான். நெய்யில் வனஸ்பதி கலந்தால் இந்தச் சிவப்பு காட்டிக்கொடுக்கட்டும் என்பதற்காகவே வனஸ்பதியில் கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்க்கச் சொல்லி நம் நாட்டில் நெடுங்காலம் சட்டம் இருந்தது.

ரான்சிமேட் என்றொரு கருவி. எண்ணெயை 110 டிகிரியில் வைத்து அதனூடே காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்கும். திரையில் கெடுதலைக் காட்டும் கோடு நெடுநேரம் தரையோடு தரையாகப் போகும். பிறகு ஒரு கட்டத்தில் சட்டென்று மேலேறும். அந்தச் சமதளம் முழுவதும் தடுப்பான்கள் தங்களைக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். கோடு ஏறத் தொடங்குகிற இடத்தில் கொடுக்க யாரும் மிச்சமில்லை. செயற்கைத் தடுப்பானான டி.பி.எச்.க்யூ.வைச் சேர்த்தாலும், சட்டம் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் விடாது, கோடு தள்ளிப்போகும். ஏறாமல் இருக்காது. கெடாத எண்ணெய் என்று ஒன்றை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. நேரம் வாங்கிக்கொண்ட எண்ணெயைத்தான் பார்த்திருக்கிறேன்.

என் ஊரில் இதே ஆக்சிஜனுக்கு வேறொரு முகம். வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். கந்தகத்தோடும் கரியோடும் சேர்த்து அடைத்துவிட்டால் எரிய வெளிக்காற்று தேவையில்லை. அலுமினியப் பவுடர் சேர்ந்த வெடிமருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறத் தொடங்கும். அதனால் அதில் கொஞ்சம் போரிக் பவுடர் கலப்பார்கள். அது அந்தச் சூட்டைக் கிளம்பவிடாமல் அடக்கும். கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும், மறுநாளைக்கு வைக்கக்கூடாது, ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பதெல்லாம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் விபத்து நடக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது.

என் அத்தை அதற்கெல்லாம் வெகு முன்னால், ஒரு பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற அறையில் போனாள். கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள்.

அதற்குப்பின் அப்பத்தா வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. அடுப்பு எரிந்தது, அது பிள்ளைகளுக்குச் சோறாக்க. மாடத்தில் மட்டும் விளக்கு இல்லை. உறவுக்காரர்கள் வந்து, வெள்ளிக்கிழமை விளக்கில்லாத வீடு ஆகாது என்று சொன்னபோது அவள் கேட்டதை அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள்: “எம் மகளைத் தின்ன தீயை நானே கூப்பிட்டு மாடத்துல உக்கார வைக்கணுமா?” யாரும் பதில் சொல்லவில்லையாம். என்ன சொல்ல முடியும்? இறைவனைச் சோதி என்று சொல்லும் எந்தச் சமயமும் இந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்ச நேரம் வாய்மூடி நிற்பதுதான் மரியாதை என்று நான் நினைக்கிறேன். சிவகாசியைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது. கேட்காமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தலைத்திவசம் முடிந்த பிறகு ஒருநாள் அவளே விளக்கைப் புளிபோட்டுத் தேய்த்தாள். பழைய புட்டியில் மிச்சமிருந்த எண்ணெயை முகர்ந்து பார்த்துக் கீழே கொட்டினாள். செக்கில் புதிதாக ஆட்டிய எண்ணெய் வாங்கிவரச் சொன்னாள். கருப்பட்டி போட்டு ஆட்டின எண்ணெய். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றினாள். பெரியவளான பிறகு நான் அவளிடம் கேட்டேன், தீ மேலிருந்த கோபம் எப்படிப் போயிற்று என்று.

“தீ மேல கோவப்பட்டு என்ன செய்ய தாயி? அது இல்லாம ஒருநாள் கழியுமா? நேரங்கெட்ட நேரத்துல வந்துச்சு. அதுதான் எனக்கு ஆறல. இப்பவும் ஆறல.”

ஆறிவிட்டது என்று அவள் சொல்லாதது எனக்கு முக்கியம். சாமி எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார் என்று அவள் விளக்கேற்றவில்லை. தீ வரவேண்டிய நேரமும் இடமும் இதுதான் என்று, அந்தச் சின்ன மாடத்தைக் காட்டித் தினமும் அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நான் புரிந்துகொள்கிறேன். என் தொழிலும் அதைத்தான் செய்கிறது. எரிதலை இல்லாமலாக்க எங்களால் முடியாது. அதன் நேரத்தைக் காப்பது மட்டும்தான் முடியும்.

அடியோடு இல்லாமலாக்க வேண்டும் என்ற ஆசை மனிதருக்குப் பழையது. நம் சித்தர் மரபில் காயகற்பம் என்றார்கள், உடம்பை மூப்பிலிருந்து மீட்கும் மருந்து. 1956-ல் அமெரிக்காவில் டென்ஹாம் ஹார்மன் என்பவர், உடம்பு மூப்படைவதற்கு இந்த நிலைதடுமாறிய மூலக்கூறுகளே காரணம் என்று ஒரு கருத்தை வைத்தார். எண்ணெய் டின்னில் நடப்பதுதான் நம் உடம்பிலும் நடக்கிறது என்றால், தடுப்பானை மாத்திரையாக விழுங்கிவிட்டால் போதுமே என்று உலகம் பாய்ந்தது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துப் பெரிய சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஈ, ஒரு பிரிவுக்கு பீட்டா கரோட்டின், ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரை. 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு சோதனையில், அங்கே வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள், 28 சதவீதம் கூடியது. 1996-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

உடம்பு டின் இல்லை. நம் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல அதே ஆக்சிஜன் விஷத்தைத் தாங்களே தயாரித்து அதன்மேல் வீசுகின்றன. எரிதலை முழுக்க அணைத்துவிட்டால் காவலும் போய்விடும். கீரையிலும் மஞ்சளிலும் எள்ளிலும் இருப்பதைச் சாப்பாட்டோடு சாப்பிடுவது வேறு, மூப்பே வராது என்று நம்பி ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் கைநிறைய விழுங்குவது வேறு. மாத்திரை விளம்பரங்களில் காயகற்பத்தின் ஆசை அப்படியே இருக்கிறது, சித்தர்கள் அதற்கு வைத்த ஒழுக்கமும் கட்டுப்பாடும்தான் இல்லை.

சாகாத ஒன்றைப் பற்றி நம் முன்னோர் கல்லில் வெட்டிவைத்த வேறொரு ஏற்பாடு உண்டு. எனக்கு அதுதான் உண்மையான தத்துவமாகப் படுகிறது. சோழர், பாண்டியர் காலக் கோயில்களில் அணையாத நந்தா விளக்கு எரிய ஆடு கொடுப்பார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பல கல்வெட்டுகளில் வரும் கணக்கு. இடையர் ஆடுகளை ஏற்றுக்கொண்டு, சூரியனும் சந்திரனும் உள்ளவரை நாளுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டு சாவா மூவாப் பேராடு என்று எழுதுகிறது. ஆடு கிழடாகும், சாகும், நரி தூக்கிப்போகும். அதைக் கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். குட்டிகளை வளர்த்து இடத்தை நிரப்பி 96 குறையாமல் வைத்திருப்பது இடையரின் பொறுப்பு. அந்த மந்தையில் ஒவ்வொரு ஆடும் செத்தது. விளக்கு எரிந்தது. ஆட்டைச் சாகாமல் வைக்க யாரும் முயலவில்லை. அதன் வேலையை அடுத்தது எடுத்துக்கொள்ளும் என்று மனிதர் வாக்குக் கொடுத்தார்கள், தலைமுறை தலைமுறையாக.

வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அவர் மரணமிலாப் பெருவாழ்வு பற்றிப் பேசியவர். அந்தப் பெருவாழ்வைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த அடுப்பைப் பற்றிச் சொல்ல முடியும். எரியாத விறகு எதையும் அவர் அதில் வைத்துவிட்டுப் போகவில்லை. பசித்தவர் வந்துகொண்டிருக்கிறார்கள், யாரோ விறகு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விளக்கெரித்தே நாயன்மாரானவர்கள் பெரிய புராணத்தில் சிலர் உண்டு. அவர்களில் திருவொற்றியூர்க் கலிய நாயனார் எங்கள் தொழில்காரர். செக்கு ஓட்டி எண்ணெய் விற்ற குலம். செல்வம் முழுவதும் கோயில் விளக்குக்குப் போன பிறகு, உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்று அந்த வருமானத்தில் எரித்தார். அவர்கள் கொடுக்க மறுத்ததும் பிறர் செக்கில் கூலிக்கு ஆட்டி எரித்தார். கூலியும் கிடைக்காமல் போனபோது எண்ணெய்க்குப் பதில் தன் இரத்தத்தை ஊற்றத் துணிந்து கழுத்தை அறுக்கப் போனார், இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார் என்பது வரலாறு. சேக்கிழாரிடம் எனக்கு மிகுந்த பக்தி உண்டு. ஆனாலும் கூலிச்செக்கு வரைதான் என்னால் கலியரோடு நடக்க முடிகிறது. எங்கள் பகுதி வெளிச்சத்துக்காக வேண்டிய அளவு உடம்புகளைக் கொடுத்துவிட்டது. இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார் என்ற இடத்தைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். இரத்தம் வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார்.

இப்போது புட்டிக்கு வருகிறேன். சுடருக்குப் பெராக்சைடு மதிப்பு தெரியாது. காறிப்போன எண்ணெயானாலும் புது எண்ணெயானாலும் சுடருக்குள் போய் முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் தண்ணீருமாகத்தான் வெளியே வரும். ஆகவே எந்த எண்ணெய்க்கு எந்தச் சாமி என்று வேதியியல் கையெழுத்துப் போடாது. போடச் சொல்லிக் கேட்கவும் கூடாது. வித்தியாசம் இருப்பது ஊற்றுகிற கையில். நான் கொடுப்பது என்னிடமிருந்து போக வேண்டும். என் குடும்பம் தின்கிற எண்ணெயில் ஒரு கரண்டி குறைந்தால்தான் அது என்னிடமிருந்து போனது. சாமிக்கென்றே தனியாக மலிவாக விற்கிற எண்ணெயில் என் வீட்டுக்கு எதுவும் குறையவில்லை. தன் ஹைட்ரஜனை எடுத்துக் கொடுக்கும் செசமோலைத் தினமும் பார்க்கிறவள் நான். கொடுத்ததற்குப்பின் கொடுத்தது குறையாமல் இருந்தால் கொடுத்ததாகவே நான் எண்ணுவதில்லை.

இப்படிச் சொன்னபோது ஒருத்தி என்னைச் சரியாக மடக்கினாள். “நல்லெண்ணெய் விக்கிற விலைக்கு எங்களால முடியுமாக்கா? எங்க விளக்கு சாமிக்கு ஆகாதா?” மழைக்காலத்தில் காயப்போட வழியில்லாமல் ஆபீஸில் வேலை இருக்காது, சம்பளமும் இருக்காது. அவள் கோபம் நியாயம். ஏழையின் விளக்கைத் தரம் பிரிக்கிற எந்தப் பக்தியும் எனக்கு வேண்டாம்.

அவளிடம் ரேஷன் பாமாயிலை ஊற்றச் சொன்னேன். லிட்டர் 25 ரூபாய்க்கு நியாயவிலைக் கடையில் வாங்குவது. சாமிக்குப் பாமாயிலா என்று திகைத்தாள். அவள் பிள்ளைகளுக்குத் தாளிப்பது அதில்தான். எந்தப் பட்டியலிலும் அது கிடையாது, எந்தச் சோதிடரும் சொல்லமாட்டார். ஆனால் அதில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல், லினோலிக் குறைவு. சீக்கிரம் காறாது. மார்கழி விடியலில் கொஞ்சம் கலங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சூடு பட்டால் தெளிந்துவிடும்.

ஒரே ஒரு காரியத்தில் மட்டும் நான் எல்லோரிடமும் கண்டிப்பு. விளக்கில் நேற்றைய மிச்சத்தின்மேல் இன்றைக்கு ஊற்றக்கூடாது. கெட்ட எண்ணெயில் இருக்கும் பெராக்சைடு புது எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொண்டுபோகும். பித்தளை விளக்கென்றால் அதிலுள்ள செம்பு கெடுதலை இன்னும் விரட்டும். தகழியின் ஓரத்தில் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருப்பது அதுதான். வாரத்துக்கு ஒருதரம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, ஒரு வேளைக்கு எரியும் அளவு மட்டும் ஊற்றினால் போதும்.